பாவா என்பவர்

‘என்பவர்’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு இப்போதெல்லாம் சுருக்கென்று கோபம் வருகிறது. காவல் நிலையத் தமிழில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு மனிதன் நடமாட முடியாது. இன்னார் என்பவர் வந்தார், இன்னார் என்பவர் கெட்ட வார்த்தையால் திட்டினார், அதைப் பார்த்த இன்னார் என்பவர் விலக்கிவிட்டார். ஆடு காணாமல் போன வழக்கு ஒன்றில், வீட்டில் ஆட்டுக்கு வைத்திருந்த செல்லப் பெயருக்குப் பின்னாலும் என்பவர் போட்டிருந்தார்கள். அன்று அதைப் படித்துச் சிரித்தேன். சிரிக்கிற விஷயம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

திருத்தணியில் நடுவர் முன்பு அரசுத் தரப்பில் குற்ற வழக்குகளை நடத்துவது என் வேலை. அரசு உதவி வழக்கறிஞர் என்பது பதவியின் பெயர். ஊருக்கு நான் ‘கவர்மெண்ட் வக்கீலம்மா’. நீதிமன்றத்தை ஒட்டி எனக்கு ஒரு சின்ன அறை உண்டு. அதில் ஒரு மேசை, ஓர் இரும்பு பீரோ, குரங்குக்குப் பயந்து எப்போதும் பாதி மூடியே இருக்கும் ஜன்னல். வருகிற வழக்கெல்லாம் பெரிய வழக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர், வரப்புத் தகராறில் மண்டையை உடைத்தவர், கிருத்திகைக் கூட்டத்தில் செயின் அறுத்தவர், ஆந்திர எல்லை தாண்டிச் சரக்கு கொண்டுவந்தவர், இவர்கள்தான் என் அன்றாடம். புதுச் சட்டம் வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டதால், மனப்பாடமாக இருந்ததை மறந்துவிட்டு இந்த வயதில் மறுபடி பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அரசு வக்கீல் என்றால் போலீஸ் வக்கீல் என்று ஊர் நினைக்கிறது. போலீஸும் அப்படியே நினைப்பதுதான் எனக்குத் தலைவலி. பிடித்துக்கொண்டு வந்தவரையெல்லாம் உள்ளே தள்ளுவதற்காக எனக்குச் சம்பளம் தரவில்லை. நடந்தது என்னவோ அதை நடுவர் முன்னால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்வதற்கு எளிது. நடந்தது என்ன என்பது கட்டுக் காகிதமாக என் மேசைக்கு வந்து சேர்வதற்குள், அது எத்தனை வாயில் புகுந்து எத்தனை கையில் எழுதப்பட்டு வருகிறது என்று பார்த்தால் தலை சுற்றும்.

இந்த வழக்கு அம்மையார்குப்பம் பக்கத்தில் ஒரு நெசவாளர் தெருவில் நடந்தது. அடிபட்டவள் விசைத்தறி ஓட்டுகிற ஒரு பெண். என்னைவிடச் சின்னவள், கணவன் இல்லை. சாயங்கால நேரத்தில் தறிக்கூடத்து வாசலில் வைத்து அவளை யாரோ இரும்புக் கம்பியால் அடித்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. சட்டத்தில் இதற்குக் கொடுங்காயம் என்று பெயர். ஆஸ்பத்திரியில் டாக்டர் யார் அடித்தது என்று கேட்டதற்கு ‘பாவா அடிச்சாரு’ என்றாள். ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். அந்த ஏட்டு என்னைப்போலத் தெற்கத்திக்காரர், மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. ‘பாவா என்பவர் என்னை இரும்புக் கம்பியால் அடித்தார்’ என்று புகாரை எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டி, இடது கையால் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்றே அவளைத் திருவள்ளூருக்கு அனுப்பி மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள்.

ஏட்டு தெருவுக்குப் போய் ‘இங்கே பாவா யார்?’ என்று விசாரித்திருக்கிறார். யாரைக் கேட்டாலும் ஒரே ஆளைத்தான் காட்டினார்கள். திருத்தணி பஜாரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் மெக்கானிக் அவர். ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை பக்கமெல்லாம் வண்டியில் போய்த் தறி மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். அவருடைய அப்பாவை ஊரில் மரியாதையாகப் பாவா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா போன பிறகு பட்டறையோடு சேர்த்து அந்தப் பெயரும் மகனுக்கு வந்துவிட்டது. அன்று மத்தியானம் அதே தறிக்கூடத்துக்கு மோட்டார் பார்க்க வந்துபோயிருந்தார். பட்டறையில் தேடினால் இரும்புக் கம்பிக்கா பஞ்சம்? ஒன்றை எடுத்துச் சீல் வைத்து, ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். குற்றப்பத்திரிகை என் மேசைக்கு வரும்போது, அவருடைய சொந்தப் பெயரை எழுதிப் பக்கத்தில் ‘என்கிற பாவா’ என்று போட்டிருந்தார்கள். முதலில் என்பவர், அப்புறம் என்கிற. இரண்டே சொல்லில் ஒரு மனிதர் வழக்கில் எதிரியாகிவிட்டார்.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காயம் இருந்தது, ஆயுதம் இருந்தது, அடிபட்டவளே ஆளைச் சொல்லியிருந்தாள். இதைவிடத் தெளிவான வழக்கு கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

ஜாமீனில் வந்த மெக்கானிக் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் வருவார். நகக்கண்ணில் கிரீஸ், தோளில் ஸ்பேனர்கள் கிடந்து சத்தம் போடும் ஒரு காக்கிப் பை. அந்தப் பையோடு உள்ளே விடமாட்டார்கள். எங்கள் கோர்ட் வேலை பார்க்கும் பெண் காவலர் அதை வாங்கித் தன் மேசைக்கு அடியில் தள்ளி வைப்பார். அவர் இந்த ஊர்க்காரர், ஆர்.கே.பேட்டையில் வாக்கப்பட்டவர், வாய் ஓயாதவர். ‘கேசு நடக்கிற எடத்துக்கு இன்னாத்துக்குங்க இத்த தூக்கினு வரீங்க?’ என்று ஒரு நாள் அவர் கேட்டது என் காதில் விழுந்தது. மெக்கானிக், ‘யாராச்சும் கூப்புட்டா அப்படியே போலாம்னுதாம்மா’ என்றார்.

யாரும் கூப்பிடவில்லை. அதை அவரே ஒரு முறை என்னிடம் சொன்னார். வராந்தாவில் வழிமறிப்பதுபோல வந்து நின்றார். எதிரி அரசு வக்கீலிடம் பேசக் கூடாது, எதுவானாலும் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள் என்று நான் கறாராகத்தான் சொன்னேன்.

‘கேசப் பத்தி பேசலைங்கம்மா. தறிங்க எல்லாம் வூட்டுக்குள்ள கீது. ஆம்பளைங்க வெளிய போயிருப்பாங்க, பொம்பளைங்கதான் ஓட்டிக்கினு இருப்பாங்க. இத்தினி வருசம் என்னை நம்பி உள்ள விட்டாங்க. இப்ப வண்டிச் சத்தம் கேட்டாலே கதவ சாத்தறாங்க. பொம்பளைய அடிச்சவன்னு ஆயிப்போச்சு. தண்டனை குடுத்தாலும் குடுக்காட்டியும் அது போவாதுங்களே’ என்றார். அவர் அழவில்லை, சத்தமும் போடவில்லை. எனக்குத்தான் எரிச்சலாக வந்தது, யார் மேல் என்று தெரியாத எரிச்சல். ‘அடிக்கும்போது அது தெரியலையா?’ என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டேன்.

அவருக்கு இலவசச் சட்ட உதவியில் ஒரு வக்கீலைக் கொடுத்திருந்தார்கள். சென்னையிலிருந்து ரயிலில் வந்துபோகிற இளைஞர். முன்விரோதத்தால் போட்ட பொய் வழக்கு என்று ஒரு பழைய பாட்டு உண்டே, அதைப் பாடத்தான் அவரும் தயாராக இருந்தார். முன்விரோதம் என்னவென்று கேட்டால் மோட்டார் சரியாக ஓடவில்லையாம். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அடிபட்டவள் சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தது. இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோர்ட்டுக்குள் நுழையும் முன் சாட்சிகள் மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுக்கொள்வார்கள். உண்மை சொல்ல வந்தவனும் கும்பிடுவான், புளுக வந்தவனும் அதே கும்பிடுதான். மேலே இருக்கிறவர் பாடு திண்டாட்டம் என்று எங்கள் பெண் காவலர் சொல்வார். அன்று அவள் மட்டும் கும்பிடவில்லை. மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வளைந்து இறுகிப்போன வலது கையை மடியில் வைத்து முந்தானையால் மூடியிருந்தாள்.

கூட வந்திருந்தவர் அவளை விழுந்து விழுந்து கவனித்துக்கொண்டிருந்தார். வயரால் பின்னிய ஒரு கூடையைக் கையில் வைத்திருந்தார். அதில் தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம், மாத்திரை எல்லாம் இருந்தன. மின்விசிறி நேரே இருக்கும் இடத்துக்கு அவளை நகர்த்தி உட்கார வைத்தார். அண்ணன் போல இருக்கிறது, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு கூடப்பிறந்தவனா என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டே வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டினேன்.

அப்போது அவள் அவரைப் பார்த்து, ‘பாவா, அந்த மாத்தரைய எடு’ என்றாள்.

திரும்பி வந்து அவளிடம், ‘இவர் பேரும் பாவாவா?’ என்று கேட்டேன்.

அந்த மனிதர்தான் அவசரமாகச் சொன்னார். ‘பேரு இல்லீங்க மேடம். நான் இவங்க அக்கா வூட்டுக்காரரு.’ சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. மாத்திரை அட்டையை எடுத்த கை கூடைக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுபோனது. அந்தக் கையை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

பெண் காவலரை அறைக்குள் கூப்பிட்டேன். ‘உங்க ஊர்ல பாவான்னா என்ன?’

‘அக்கா புருசன் மேடம். அத்தை மகன், மாமன் மகனையும் சொல்வோம். தெலுங்குலேர்ந்து வந்த மொறை. எங்க வூட்லயும் அப்படித்தான் கூப்புடுவேன். இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?’

‘அப்போ இவ்வளவு நாளா இதை ஏன் எங்கிட்ட சொல்லலை? உங்களுக்குக் கூறு இருக்கா?’

எனக்குக் கோபம் வந்தால் தாமிரபரணித் தமிழ் வந்துவிடும். அவர் அசரவில்லை. ‘நீங்க கேக்கலையே மேடம். பாவா என்பவர்னு எழுதியிருந்தது. சரி, பேருன்னு நெனச்சேன். நம்ம மெக்கானிக்க ஊரே அப்படித்தானே கூப்புடுது’ என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ‘பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்றது இத்ததான் போல’ என்றார்.

எங்கள் ஊரில் அக்கா கணவனை அத்தான் என்போம். அவள் ‘அத்தான் அடிச்சாரு’ என்று சொல்லியிருந்தால் அந்த ஏட்டு அத்தான் என்பவரைத் தேடிக்கொண்டு தெருத் தெருவாகப் போயிருப்பாரா? எந்த அத்தான், அக்கா புருஷனா என்று அங்கேயே கேட்டிருப்பார். அவருக்குத் தெரியாத முறை என்பதால் அது பெயராகிவிட்டது. நானும் அதே ஊர்ப்பக்கம்தான், அதே கண்ணால்தான் படித்திருக்கிறேன்.

அவளை மட்டும் தனியாக உள்ளே வரச் சொன்னேன். அந்த ஆளும் கூடையோடு பின்னாலேயே வந்தார். பெண் காவலர் வாசலில் கையை நீட்டி மறித்தார். ‘நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா நைனா. உன் மச்சினிச்சிய நாங்க ஒண்ணும் முழுங்கிட மாட்டோம்.’

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. ‘உன்னை அடித்தது அந்த மெக்கானிக்கா?’ என்று கேட்டேன்.

‘நான் பொய் சொல்லலீங்க மேடம்’ என்றாள்.

‘நான் அதைக் கேட்கலை.’

‘பாவா அடிச்சாருன்னு சொன்னேன். போலீஸ்காரரு எழுதிக்கினு படிச்சுக் காட்டினாரு. அதுலயும் பாவா அடிச்சாருன்னுதான் இருந்தது. சரின்னு கையெழுத்துப் போட்டேன். நான் யாரு பேரையும் சொல்லலீங்க.’

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தறிக்கூடம் இவர்களுடைய அப்பா இரண்டு மகள்களுக்கும் பொதுவாக விட்டுப்போனது. தங்கை புருஷனை இழந்தவள்தானே, அவளுக்கு எதற்குத் தனித் தறி, நம்மிடம் கூலிக்கு ஓட்டட்டும் என்று அக்கா கணவர் ஒரு நாள் கூடத்தைப் பூட்டிவிட்டார். இவள் பூட்டை உடைத்தாள். அவர் கம்பியை எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து இவள் திரும்பி வந்தபோது மெக்கானிக் ஜெயிலுக்குப் போய் ஜாமீனிலும் வந்துவிட்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று இவள் கிளம்பியதும் அக்கா காலில் விழுந்துவிட்டாள். என் வீடு இடிந்துபோகும் என்று அழுதிருக்கிறாள். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இந்தத் தெருவுக்கு அந்த ஆண்டியாக ஒரு முஸ்லிம் மெக்கானிக் கிடைத்துவிட்டார், வேறென்ன.

‘இன்னிக்கு கோர்ட்ல என்ன சொல்றதா இருந்தே?’

‘பாவாதான் சொல்லிக் குடுத்தாரு. நீ பொய்யே சொல்ல வேணாம், பாவா அடிச்சாருன்னு மட்டும் சொல்லிட்டு எறங்கிடு, மீதிய அவங்க பாத்துப்பாங்கன்னாரு.’

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தத் தொழிலில் எத்தனையோ புளுகைப் பார்த்திருக்கிறேன். புளுகே இல்லாமல் ஒரு நிரபராதியை உள்ளே தள்ளப் பார்த்த கெட்டிக்காரத்தனத்தை அன்றுதான் பார்த்தேன். அதைவிடக் கொடுமை, அந்த ‘அவங்க’ நான்தான்.

‘இந்தா பாரு’ என்றேன். ‘நீ என்ன சொல்லணும்னு நான் சொல்லித் தரமாட்டேன். அது தப்பு. ஆனா நான் என்ன கேட்பேன்னு சொல்லலாம். யார் அடிச்சான்னு கேட்பேன். நீ பாவான்னு சொல்வே. உடனே, அந்தப் பாவா இன்னைக்குக் கோர்ட்டுக்கு வந்திருக்காரா, காட்டுன்னு கேட்பேன். எல்லா வழக்கிலும் கேட்கிற கேள்விதான். அதுக்குப் பதில் நீதான் சொல்லணும். அங்கே வார்த்தைக்குப் பின்னால ஒளிய முடியாது.’

அவள் முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. ‘அந்தண்ணன் கதவாண்ட நின்னு செருப்ப கழட்டிட்டு, வரலாமான்னு கேட்டுட்டுத்தான் உள்ள வருவாருங்க. ஒரு நாள் கூடக் கேக்காம வந்தது இல்ல’ என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

‘எங்க அக்கா கதி?’ என்றாள் அடுத்து. அதை நான் முடிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நேராக நீதிமன்றத்துக்குள் போனேன். இந்தச் சாட்சியின் வாக்குமூலத்தில் ஆள் அடையாளம் பற்றிக் குழப்பம் இருப்பதாக எனக்குத் தெரியவருகிறது, அதைச் சாட்சியின் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீலையும் வைத்துக்கொண்டு நடுவரிடம் சொன்னேன். சென்னை இளைஞர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அரசு வக்கீல் தானாக வந்து இப்படிச் சொன்னால் அதில் ஏதோ உள்குத்து இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவளைக் கூப்பிட்டார்கள். கூண்டேறிச் சத்தியம் செய்தாள். எதிர்க் கூண்டில் மெக்கானிக் கைகட்டி நின்றார். அவளை அவர் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு நடுவில் அந்த ஆள் கூடையோடு நின்றதை நான் கவனித்தேன். டீ குடிக்கப் போகவில்லை.

‘உங்களை யார் அடித்தது?’

‘பாவா.’

‘எதைக்கொண்டு அடித்தார்?’

‘இரும்புக் கம்பியால.’

அத்தோடு நிறுத்திக்கொண்டாள். எழுத்தர் தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டது. கேட்க வேண்டியதைக் கேட்டேன். ‘அந்தப் பாவா இன்று இங்கே இருக்கிறாரா?’

‘ஆங், இருக்காருங்க.’

எல்லோருடைய கண்ணும் எதிர்க் கூண்டுக்குப் போனது. இதோடு எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நடுவர் நிமிர்ந்து, ‘கையைக் காட்டிச் சொல்லும்மா’ என்றார்.

அவள் அந்த வளைந்த கையைத் தூக்கினாள். தூக்குவதற்கே வலித்திருக்க வேண்டும், இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். கை எதிர்க் கூண்டைத் தாண்டி வாசல் பக்கம் போனது.

‘கூண்டுல இல்லீங்க. அதோ, கதவாண்ட கூடைய வச்சிக்கினு நிக்கிறாரே, அவருதான். எங்க அக்கா வூட்டுக்காரரு. பாவான்றது பேரு இல்லீங்க ஐயா, மொறை. எங்க தெருவுல எல்லா வூட்லயும் ஒரு பாவா கீறாரு. போலீஸ்காரருக்கு அது தெரியலை. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். அந்தண்ணன் என் மேல ஒரு விரல்கூட வச்சதில்லீங்க.’

வாசலில் கூடை கீழே விழுந்தது. பாட்டில் உருண்டு படிக்கட்டுவரை போனது. அந்த ஆள் குனிந்து எடுக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. எங்கள் பெண் காவலர் எப்போது அவர் பக்கத்தில் போய் நின்றார் என்று எனக்குத் தெரியாது. மெக்கானிக் தரையிலிருந்து கண்ணை எடுத்து முதல் தடவையாக அவளைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். கோர்ட்டில் அரசு வக்கீல் அழுதாள் என்று ஊரில் பேச்சு வந்தால் அப்புறம் எந்த ஸ்டேஷன்காரன் எனக்கு மரியாதை கொடுப்பான்?

அன்றோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. சட்டத்தில் ஒருவரை உள்ளே இழுப்பது சுலபம், வெளியே விடத்தான் ஊர்ப்பட்ட அனுமதி வேண்டும். மேற்கொண்டு விசாரிக்க மனு போட்டேன். மெக்கானிக் மேல் இருந்த வழக்கைத் திரும்பப் பெற மேலிடத்துக்கு எழுதினேன், நினைவூட்டினேன், மறுபடி எழுதினேன். அந்த ஏட்டு ஒரு நாள் என் அறைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ‘எங்க ஊர்ல பாவான்னு ஒரு மொறை கிடையாதே மேடம்’ என்றார். ‘எனக்கும்தான் கிடையாது, உட்காரும்’ என்றேன். இனி யார் என்ன முறை சொன்னாலும் அந்த ஆளின் பெயர் என்ன, உனக்கு என்ன உறவு என்று இரண்டையும் கேட்டு எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எழுதுகிறார். அந்த ஸ்டேஷன் கட்டு வந்தால் தெரிகிறது. என்பவரை மட்டும் விட்டபாடில்லை.

அக்கா சில மாதங்கள் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு ஒரு நாள் காலையில் தறிக்கூடத்துப் பூட்டின் சாவியைக் கொண்டுவந்து தங்கை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பேச்சு அதற்கும் பிறகுதான் வந்தது. அக்கா கணவர் மேல் வழக்கு நடக்கிறது. அதையும் நான்தான் நடத்துகிறேன், அதனால் அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன்.

மெக்கானிக்கை விடுவித்து உத்தரவு சொன்ன நாளில் வராந்தாவில் நல்ல கூட்டம். வேறு ஏதோ வரப்புத் தகராறுக்காக அவள் ஊர்ச் சனங்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். மெக்கானிக் வெளியே வந்து, மலைப் பக்கம் திரும்பாமல், யாரையும் பார்க்காமல், படியை நோக்கி நடந்தார். வண்டிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிறார்கள் என்று அவர் முன்பு சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கதவைத் திறக்க நடுவரால் உத்தரவு போட முடியாது, என்னாலும் மனு போட முடியாது.

அவள் தூணோரமாகக் காத்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குக் கோர்ட்டில் ஒரு வேலையும் இல்லை. தெருக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, ‘பாவா’ என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மெக்கானிக் நின்றார். ‘அப்படியே கூப்புடும்மா. எங்க அப்பாவுக்கு ஊரு குடுத்த பேரு அது’ என்றார்.

‘மோட்டார் ஒரே சத்தம் போடுது, வந்து பாக்கறீங்களா?’

அவர் கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். ‘வூட்ல யாரும்மா இருப்பாங்க?’

‘நான் மட்டும்தான். உள்ள வாங்க, கேட்டுக்கினு நிக்காதீங்க’ என்றாள்.

வேனில் வந்த பெண்களில் ஒருத்தி, தன் வீட்டு மோட்டாரும் வெயில் காலத்திலிருந்து மக்கர் பண்ணுகிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சொன்னது அவருக்கும் கேட்டது. எங்கள் பெண் காவலர் மேசைக்கு அடியிலிருந்து காக்கிப் பையை இழுத்து எடுத்துக்கொண்டு வந்தார். ‘உள்ள கம்பி கிம்பி ஒண்ணும் இல்லியே?’ என்று கண்ணைச் சிமிட்டினார்.

‘எல்லாம் கம்பிதாம்மா’ என்று சொல்லி வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் அவளுக்குப் பின்னால் படியிறங்கினார்.